‘போர்ட்ஃபோலியோவுக்கு நல்லது’ என்பது கூலி ஆகாது

விஸ்காம் முடித்தவரோ, நுண்கலை முடித்தவரோ, பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டே யூடியூபில் டிசைன் கற்றுக்கொண்டவரோ, கிராஃபிக் டிசைன் வேலை தேடிக் கிளம்பும் நம் பிள்ளைகளிடம் இந்தத் துறை முதலில் சொல்வது இதைத்தான்: “இங்கே சாதியெல்லாம் கிடையாது. உங்கள் போர்ட்ஃபோலியோதான் பேசும்.”

சரி. அந்தப் போர்ட்ஃபோலியோ எதைக் கொண்டு செய்யப்படுகிறது? ஓரளவு வேகமான மடிக்கணினி, மாதாமாதம் கட்ட வேண்டிய மென்பொருள் சந்தா, சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் சென்னையில் தங்கிச் சாப்பிட ஒரு சொந்தக்காரர் வீடு, ஏதாவது ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஒரு சித்தப்பா. இதில் எது திறமை? தலைமுறைகளாகச் சேர்ந்த சொத்தும் தொடர்புமே இங்கே திறமை என்ற பெயரில் மேசைக்கு வருகின்றன. நேர்காணலில் போர்ட்ஃபோலியோவைப் புரட்டியபடியே, “சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்பவருக்குச் சாதி தெரியாது என்று நம்புவதற்கு நாம் குழந்தைகள் இல்லை. இட ஒதுக்கீடு தனியார் நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே நடப்பதை யாரும் எண்ணுவதில்லை.

உள்ளே முதலில் கேட்கப்படுவது இலவச உழைப்பு. மூன்று மாதம் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப். அல்லது ‘டெஸ்ட்’ என்ற பெயரில் லோகோ, பத்து போஸ்டர், பேக்கேஜிங் என்று ஒரு முழு வேலை. செய்து அனுப்பியபின் பதில் வராது. கேட்டால், “போர்ட்ஃபோலியோவுக்கு நல்லதுதானே!”

இதற்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. இன்று வேலையில்லாதவரை வெட்டி என்று ஏசுகிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலி கொடுக்காமல் வாங்கப்படும் உழைப்பு. சாவுக்குப் பறையடி, செத்த மாட்டைத் தூக்கு, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று ஊர் நம் முன்னோரிடம் வாங்கியதும் அதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதற்குத் தடை போட்டது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகளில் கூலி குறைக்கப்பட்ட வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. வறுமை காரணமாகக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்றது. ஏசி அறையில் உட்காரும் இன்டர்னையும் கல் சுமந்த தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நியாயம் இங்கும் பொருந்தும். வேறு வழி இல்லாதவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

“கற்றுக்கொடுக்கிறோமே, அதற்குக் காசு வேறா?” என்பார்கள். கற்றுக்கொடுப்பதற்கு 1961ஆம் ஆண்டிலிருந்தே தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதில் உதவித்தொகை கட்டாயம். 2019இல் விதிகள் திருத்தப்பட்டபோது பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்லும் 3ஏ பிரிவும் அதே சட்டத்தில்தான் உள்ளது. பழகுநர் என்று எடுத்தால் காசும் தர வேண்டும், இடமும் ஒதுக்க வேண்டும். இன்டர்ன் என்று எடுத்தால் இரண்டும் வேண்டாம். பெயர் ஏன் மாறியது என்று இப்போது புரிகிறதா?

ஆகவே தம்பி தங்கைகளே, நியாயம் பேசுவதோடு நிற்காமல் கையில் ஆயுதத்தோடு போங்கள். டெஸ்ட் கேட்டால் அரை நாள் வேலைக்கு மேல் செய்ய மாட்டேன், அதுவும் கற்பனையான ஒரு கடைக்குத்தான் என்று சொல்லுங்கள். தனியாக வேலை எடுத்தால் தொகை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு முன்பணம் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காசு வராமல் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். முதல் வேலையை எடுக்கும் முன்பே உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அது இலவசம். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

சந்தா கட்டக் காசில்லையா? இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூன்றும் இலவசம். முக்தா மலர், பலூ தம்பி, கேட்டமரன், மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்களும் இலவசம். தமிழை நம் பலமாக்குங்கள். ஆங்கிலத்தில் யோசித்து முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஒட்டவைக்கும் அலுவலகங்கள் ஏராளம். அடோபியின் சில மென்பொருள்களில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறுவதுகூடத் தெரியாமல் அச்சுக்கு அனுப்புவார்கள். போர்ட்ஃபோலியோவில் இல்லாத ஊரின் காபிக்கடை லோகோ எதற்கு? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி யாரிடமும் கேட்காமல் தானே நிரப்பும்படி கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை மாற்றி வடிவமைத்துக் காட்டுங்கள். டிசைன் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கடைசியாக நம் இயக்கங்களிடம் ஒரு வார்த்தை. ஏப்ரல் 13 இரவு பத்து மணிக்கு, “தோழர், நாளைக்கு அண்ணல் பிறந்தநாள், ஒரு போஸ்டர் போட்டுடுங்க” என்று தகவல் வருகிறது. மேடைக்காரருக்கு முன்பணம் உண்டு. மைக் செட்டுக்கு உண்டு. ஃபிளெக்ஸ் கடைக்குச் சதுர அடிக்கணக்கில் உண்டு. இரவெல்லாம் கண் விழித்து வடிவமைத்த பிள்ளைக்கு மட்டும் ‘சமூகக் கடமை’. முதலாளி கேட்டால் சுரண்டல், நாம் கேட்டால் உணர்வா? 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஏழையும் வாங்கக்கூடிய விலைதான். ஆனாலும் அது விலை. அதை மறைக்காமல் பெயரிலேயே வைத்தார்.

இலவசமாகத் தர விரும்புகிறவர் தரட்டும், அது அவர் கொடை. கேட்கிற இடத்தில் இருப்பவர்கள் அதை வழக்கமாக்கக் கூடாது. வருகிற ஏப்ரல் 14 விழாவுக்கு வரவுசெலவு எழுதும்போது, மேடைக்கும் மைக்குக்கும் கீழே ‘வடிவமைப்பாளர்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எதிரே ஒரு தொகையையும் எழுதுங்கள். பிறகு ஏஜென்சிகளிடம் கூலி கேட்போம், உரக்கவே கேட்போம்.

ஜெய்பீம்.