ஒரு கப்ளரைத் தேடி...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மதுராந்தகத்தில் உறவினர் வீட்டு ரிசப்ஷன் முடிந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அம்மாவும் என் மகளும். படாளம் தாண்டியதும் ஹெட்லைட் இரண்டும் ஒருமுறை சிமிட்டின. அடுத்த நொடி சுத்தமாக அணைந்துவிட்டன. எதிரே கும்மிருட்டு, பின்னால் ஒரு லாரி. கூடவே பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்ததுபோல ஒரு நாற்றம்.

“ஓரமா ஒதுக்குடா!” என்று அம்மா கத்தியதும், ஹசார்டு லைட்டைப் போட்டு வண்டியை ஓரங்கட்டியதும் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் இருந்த பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்து போய், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டி, அப்பா 1999-ல் வாங்கிய மாருதி 800. இந்த மாடல் 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்தது, 2014-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அப்பா இப்போது இல்லை. 15 வருடம் முடிந்த வண்டி என்பதால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, பிடிவாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பங்குக்கு அருகில் இருந்த ஒரு மெக்கானிக் வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றி, கருகிப்போன ஒரு பிளாஸ்டிக் துண்டை இழுத்துக் காட்டினார்.

“கப்ளர் உருகிடுச்சு சார். இதெல்லாம் இப்ப வர்றதில்ல. வெட்டிட்டு வயரை டைரக்டா முறுக்கி டேப் சுத்திடலாம். பத்து நிமிஷ வேலை.”

‘சரி’ என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால், அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் மனசு வரவில்லை. ஒரு பின் இருந்த துளை மட்டும் குழம்பிப்போய், அதற்குப் பின்னால் இரண்டு அங்குலத்துக்கு வயரின் தோல் முறுக்குபோல மொறுமொறுவென்று ஆகியிருந்தது. இதன் மேல் டேப் சுற்றி, பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டுவதா? வண்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் ஏரியா ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் வந்துவிட்டேன்.

அவர் முதலில் கப்ளரைப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து பல்பைப் பார்த்தார். “100/90 பல்பு யார் சார் போட்டது?”

நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், ‘வெளிச்சம் பத்தலை’ என்று நானே வாங்கி மாட்டினேன்.

கணக்கு எளிதுதான். கம்பெனி ஹெச்4 பல்ப் 60/55 வாட்ஸ். டிம்மில் இரண்டு பக்கமும் சேர்த்து 110 வாட்ஸ். 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். நான் போட்ட பல்ப் டிம்மிலேயே இரண்டும் சேர்த்து 180 வாட்ஸ், அதாவது 15 ஆம்பியர். எங்கள் வண்டியில் நடுவில் ரிலே கிடையாது. இத்தனை கரன்ட்டும் ஸ்டீயரிங் ஸ்விட்ச்சின் அந்தச் சின்னக் கப்ளர் வழியாகத்தான் போயாக வேண்டும். கரன்ட் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடியது. ஆனால், சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும் சமாசாரம். இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

“அப்புறம் ஏன்ணே ஃபியூஸ் போகலை?” என்று கேட்டேன். “கரன்ட் அதிகமா போனாத்தான் ஃபியூஸுக்குத் தெரியும் சார். கான்டாக்ட் லூஸானா கரன்ட் கூடாது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த இடம் மட்டும் தனியா வேகும்” என்றார். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும் நாளாக ஆகத் தளர்ந்து இதே மாதிரிதான் வேகும். ஃபியூஸ் போகும் இடத்தில் சிகரெட் பாக்கெட் ஜரிகைத்தாளைச் சுற்றி வைப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஜோடி கப்ளர் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்” என்று அனுப்பி வைத்தார். அங்கிருந்துதான் என் அலைச்சல் ஆரம்பித்தது.

முதலில் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புது ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் சென்னைக்காரர்கள் போகும் இடம். கடை கடையாக ஏறி, “மாருதி 800 ஸ்டீயரிங் ஸ்விட்ச் கப்ளர் இருக்கா?” என்று கேட்டேன். “தனியா வராது சார், வயரிங் செட்டா வாங்கிக்கோங்க” என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். ஒரு சட்டைப் பொத்தான் போனதற்கு முழுச் சட்டை வாங்கச் சொல்வதுபோல!

ஏழாவது கடையோ, எட்டாவது கடையோ, கல்லாவில் இருந்த பெரியவர் கருகின துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்ன வண்டின்னு சொல்லாதீங்க. எத்தனை பின்னு, பின்னோட அகலம் எவ்ளோ, அதைச் சொல்லுங்க” என்றார்.

அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. கப்ளரைப் பெரும்பாலும் கார் கம்பெனி செய்வதில்லை. யஸாகி, சுமிடோமோ போன்ற வயரிங் கம்பெனிகள் செய்கின்றன. நம் ஊரில் மதர்சன், சுமிடோமோவோடு கூட்டுச் சேர்ந்து 1986-ல் தொடங்கிய கம்பெனி இதே தொழிலில்தான் வளர்ந்தது. ஒரே கப்ளர் இரண்டு மூன்று கம்பெனி கார்களில், சில சமயம் பைக்கில்கூட இருக்கும். நாம்தான் கார் பெயரைச் சொல்லிக் கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வருகிறோம்.

பின்னின் அகலத்துக்கு ஒரு பாஷை உண்டு. 250 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 250 பங்கு, அதாவது 6.3 மி.மீ. 187 என்பது 4.8 மி.மீ., 110 என்பது 2.8 மி.மீ. ஜப்பான் வழி வண்டிகளில் அடிக்கடி வரும் 090 என்பது 2.3 மி.மீ. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் 2.3-க்கும் 2.8-க்கும் வித்தியாசம் தெரியாது. வெர்னியர் காலிப்பர் வேண்டும். அகலத்தோடு எத்தனை வரிசை, லாக் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொண்டால், கடைக்காரர் டப்பாவைத் திறந்துவிடுவார். பின்களை அங்கேயே வாங்கிவிட்டேன், புதிதாக. பிளாஸ்டிக் கூடுதான் அமையவில்லை.

அதற்குப் புதுப்பேட்டை. எழும்பூர் பக்கம், கூவம் ஓரம், உடைத்த வண்டிகளின் சாமான்கள் மலைபோலக் குவிந்திருக்கும் இடம். கதவு, கண்ணாடி, இன்ஜின் எல்லாம் தாண்டி உள்ளே போனால், அறுத்து எடுத்த வயரிங் செட்டுகள் கோழிக் குடலாகத் தொங்கும். அங்கே ஒரு தம்பி பொறுமையாக நான்கு செட்டைப் பிரித்துக் காட்டினான். இரண்டில் எனக்கு வேண்டிய கப்ளரிலேயே அதே கருகல். என்னைப்போல் இன்னும் இரண்டு புத்திசாலிகள்!

பழைய கப்ளர் வாங்கும்போது ஆண், பெண் இரண்டையும் ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் அரை அடி வயரை வாலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் பிரயோஜனமில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். மாட்டினால் ‘டிக்’கென்று பூட்ட வேண்டும். லாக் நாக்கை லேசாக வளைத்தால் படக்கென்று ஒடிகிறதா, அது வெயிலில் வெந்த பிளாஸ்டிக், வேண்டாம். எனக்கு நாலாவது செட்டில் கிடைத்தது. 150 ரூபாய் சொன்னான். பேரம் பேசக் கூச்சமாக இருந்தது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். என் போனை வாங்கி, எந்தத் துளையில் எந்த கலர் வயர் என்று நான்கு போட்டோ எடுத்தார். வேறு வண்டியின் வாலை நம்பி கலருக்கு கலர் சேர்த்தால் வம்பு வரும் என்பதால். பிறகு, தட்டி ராவிய ஒரு குடைக்கம்பி. அதைத் துளைக்குள் விட்டு, பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை அமுக்கி இழுத்தால் பின் வழுக்கிக்கொண்டு வருகிறது. கருகின வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிமனில் புது வயர் சேர்த்து, பின்னின் முன்காதைச் செம்பின் மேலும் பின்காதைத் தோலின் மேலும் கிரிம்ப் செய்தார்.

“சால்டர் வைக்கலையாண்ணே?”

“ஈயம் வயருக்குள்ள ஏறி விறைச்சுக்கும் சார். ஆடுற வண்டியில அந்த இடத்துலயே ஒடியும்.”

ஜாயின்ட்டுகளையும் ஒரே இடத்தில் போடாமல் முன்னும் பின்னுமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் ஏற்றினார். 60/55 பல்பைத் திரும்ப மாட்டி, ரிலே இரண்டு வைத்தார். இப்போது ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயை எழுப்பும் கரன்ட் மட்டும், சுமார் 0.2 ஆம்பியர். வேடிக்கை என்னவென்றால், கப்ளரில் வீணாகிய வோல்டேஜ் பல்புக்கே போவதால், 100/90 கொடுத்ததைவிட வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது.

அம்மாவிடம் கருகின கப்ளரைக் காட்டினேன். தீப்பெட்டி அளவுகூட இல்லாத அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா ரெண்டு நாள் அலைஞ்சே?” என்றார். ஆனாலும் போன வெள்ளிக்கிழமை இரவு மாங்காடு கோயிலுக்குக் கிளம்பும்போது, கைப்பையில் மறக்காமல் ஒரு டார்ச் லைட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.