ரிவால்வர் பயிற்றுநர் தேர்வு: எந்தத் துப்பாக்கி கைகொடுக்கும்? இந்தியாவில் .32 மட்டும் ஏன்? முழு விவரம்

தேர்தல் என்றாலே திருவான்மியூர் வாக்குச்சாவடி முன்பு கேமராக்கள் குவிந்துவிடும். காரணம், நடிகர் அஜித்குமார் ஓட்டு போடும் இடம் அது. அதே அஜித் 2021 மார்ச்சில் சென்னையில் நடந்த தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டியிலும், 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த போட்டியிலும் பதக்கங்களை அள்ளினார். அவர் கலந்துகொண்ட பிரிவுகளில் ஒன்று, .32 சென்டர் ஃபயர் பிஸ்டல்.

அதன் பிறகு துப்பாக்கி சுடுதல் மீது சென்னையில் பலருக்கும் ஒரு ஆர்வம் வந்தது. போட்டியில் சுடுவது ஒரு பக்கம். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநராக வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கான தேர்வில் எந்த ரிவால்வரை எடுத்துப்போவது? சும்மா கடைக்குப் போய் பிடித்ததை வாங்கும் விஷயமா இது?

.32 மட்டும் ஏன்?

இந்தியாவில் துப்பாக்கி வாங்குவதில் கடைக்காரருக்கு முன்னால் சட்டம் வந்து நிற்கிறது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும் எதை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக் கூடாது என்று பிரிக்கின்றன. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் .380, .455, 9 எம்.எம்., .45 ரகத் தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளன. சாதாரண உரிமத்தில் அவை கிடைக்காது.

மிச்சம் இருப்பதில் பெரியது என்று பார்த்தால் நடைமுறையில் .32 தான். அதற்குக் கீழே .22 இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்யவும் பல பத்தாண்டுகளாகத் தடை உள்ளது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான் விலக்கு.

சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகர போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. திருவான்மியூர்வாசி ஒருவர் விண்ணப்பித்தாலும் உள்ளூர் காவல் நிலைய விசாரணை முடிந்து, முடிவு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில்தான் எடுக்கப்படும்.

2019-ல் வந்த சட்டத் திருத்தம் இன்னொரு கட்டுப்பாட்டையும் சேர்த்தது. முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். இப்போது 2 மட்டுமே. உரிமத்தின் காலம் மட்டும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. அதனால் தேர்வுக்கு ஒன்று, வகுப்பு எடுக்க ஒன்று, கைவசம் ஒன்று என்று சாதாரண உரிமதாரர் அடுக்கி வைக்க முடியாது. எடுக்கும் முடிவு சரியாக இருக்க வேண்டும்.

சந்தையில் என்னென்ன இருக்கு?

அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாகத் தயாரிக்கும் 6 தோட்டா .32 ரிவால்வர்தான் இங்கே பழைய பரிச்சயம். பிரிட்டிஷ் காலத்து வெப்ளி ரிவால்வரின் வழியில் வந்த வடிவம் அது. முன்பகுதியைக் கீழ்நோக்கி மடக்கித் திறந்து தோட்டா போட வேண்டும்.

2014-ல் 'நிர்பீக்' வந்தது. டெல்லி பாலியல் கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, பெண்களுக்கான ரிவால்வர் என்று அறிமுகமான இது கான்பூரில் தயாரானது. எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய்.

2023 ஆகஸ்டில் 'பிரபல்' அறிமுகமானது. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு உருவான பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றான, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா லிமிடெட்டின் தயாரிப்பு இது. தோட்டா இல்லாமல் எடை சுமார் 700 கிராம். குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு.

இவை தவிர 'நிடர்' என்ற .22 ரிவால்வரும் உண்டு. உதைப்பு குறைவு என்பதால் ஆரம்பப் பயிற்சிக்கு வசதி.

தேர்வு என்றால் எப்படி இருக்கும்?

மதிப்பெண் கணக்கோடு நடக்கும் பயிற்றுநர் தேர்வுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே கைத்துப்பாக்கி உரிமத்துக்கான சுடும் தேர்வில் மொத்தம் 50 குண்டுகள். 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மையப் பகுதியில் பட்டால் 5 புள்ளி. மொத்தம் 250.

உரிமம் மட்டும் போதும் என்பவருக்கு 175 எடுத்தால் பாஸ். பயிற்றுநராக விரும்புபவருக்கு 225 வேண்டும். அதாவது, முதலாமவர் 15 குண்டுகளை மொத்தமாகத் தவறவிட்டாலும் மற்றவை மையத்தில் பட்டால் தப்பிக்கலாம். பயிற்றுநருக்கு அந்தச் சலுகை 5 குண்டுகள்தான்.

அங்கே ஒரு காலத்தில் .32-க்குக் குறைவான துப்பாக்கியோடு தேர்வுக்கே வர முடியாது. 2017-ல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. டெக்சாஸுக்குத் தரைமட்டமாக இருந்த .32, இந்திய உரிமதாரருக்குக் கூரையாக இருக்கிறது.

ரிவால்வரா, பிஸ்டலா?

பல குண்டுகள் கொண்ட மேகசின் இருப்பதால் பிஸ்டல்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் டெக்சாஸ் தேர்வில் எந்தச் சுற்றிலும் தொடர்ச்சியாக 5 குண்டுக்கு மேல் சுட வேண்டியதில்லை. சர்வதேச 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியிலும் 5 குண்டு வரிசைதான். 6 தோட்டா ரிவால்வருக்கு அது தாராளம்.

சிக்கல் வருவது விசையில். ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்துவைத்துவிட்டுச் சுட்டால் விசை லேசாக இருக்கும், குறி தவறாது. ஹேமரைத் தொடாமல் விசையை மட்டும் அழுத்தினால், அந்த அழுத்தமே ஹேமரையும் இழுத்து, சிலிண்டரையும் சுழற்ற வேண்டும். விசை கனக்கும், கை ஆடும்.

சென்டர் ஃபயர் போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். ஒரு முறைக்கு ஒரு குண்டு. அந்த 7 வினாடியில் ஹேமரை நிதானமாக இழுத்து வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸ் தேர்விலோ 3 கஜத்தில் 3 வினாடிக்குள் 2 குண்டு சுட வேண்டிய கட்டம் உண்டு. அங்கே இந்த வித்தை பலருக்கும் பலிக்காது. கனமான விசையோடு பழகியவர்தான் தேறுவார்.

எடையும் நீளமும்: கணக்கு என்ன சொல்கிறது?

'கைக்கு அடக்கமா இருக்கே' என்று சின்ன ரிவால்வரை எடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரே .32 தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், லேசானதில் பின்னுதைப்பின் ஆற்றல் சுமார் 40 சதவீதம் அதிகம். ஒரு குண்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. 50 குண்டு முடியும்போது, அடுத்த உதைப்பை எதிர்பார்த்தே கை முன்கூட்டிச் சுருங்க ஆரம்பித்துவிடும். குறி கீழே போகும்.

அடுத்தது, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம். சென்டர் ஃபயர் விதிகள் இதை அதிகபட்சம் 220 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. அந்த நீளத்தில் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு சுமார் 11 செ.மீ. தள்ளிப்போகும். அதில் பாதி நீளம் உள்ள சின்ன ரிவால்வரில் அதே தவறுக்கு சுமார் 23 செ.மீ. விலகும். 25 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே வெறும் 5 செ.மீ. தான்.

அதே சின்ன ரிவால்வரில் 7 கஜத் தூரத்தில் சுட்டால் விலகல் 6 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஆக, தேர்வு எந்தத் தூரத்தில் என்பதைப் பார்க்காமல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க முடியாது. கிட்டத்தில் நடக்கும் தேர்வுக்குக் குட்டைக் குழல் தாங்கும். 25 மீட்டர் என்றால் நீண்ட குழலும், கனமும், சரிசெய்யக்கூடிய சைட்டும் வேண்டும்.

அப்போ மார்க் வாங்கினால் போதுமா?

விவகாரமே இங்கேதான் இருக்கிறது. கனமான, நீளமான, விசை லேசான ரிவால்வரோடு போனால் பயிற்றுநர் தேர்வில் மார்க் கொட்டும். ஆனால் அவரிடம் நாளைக்கு வந்து நிற்கப்போகும் மாணவர் யார்? தற்காப்புக்காக 500 கிராம் ரிவால்வர் வாங்கிய ஒரு பெண்ணாக இருக்கலாம். நகைக்கடை உரிமையாளராக இருக்கலாம். அந்தச் சின்னத் துப்பாக்கியின் கனமான விசையும் உதைப்பும் பயிற்றுநருக்கே பழக்கமில்லை என்றால், எதைச் சொல்லிக்கொடுப்பார்?

டெக்சாஸ் இதை ஒருகாலத்தில் சட்டத்தாலேயே கையாண்டது. ரிவால்வரில் தேர்வு எழுதியவர் ரிவால்வர் வகையை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தேறியவருக்கு இரண்டுக்கும் அனுமதி. 2013-ல் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. 2021 முதல் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி கொண்டுசெல்லவும் அங்கே பெரும்பாலானோருக்கு வழி திறந்துவிட்டது.

பிஸ்டலில் தேறினால் ரிவால்வரும் வரும் என்ற அந்தப் பழைய விதியிலும் ஓட்டை இருந்தது. பிஸ்டல்காரருக்கு ரிவால்வரின் சிலிண்டர் இடைவெளியிலிருந்து சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும் என்பதே மறந்துபோகலாம். ஆதரவுக் கையின் விரலை அந்த இடத்தில் வைத்தால் காயம் நிச்சயம். ரிவால்வர் பயிற்றுநர் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய பாடம் அது.

இந்திய விதிகள் என்ன சொல்கின்றன?

2016 விதிகள் இங்கே ஒரு நல்ல தொடக்கத்தைக் கொடுத்தன. உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, எஸ்-1 படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும். பாதுகாப்பாகக் கையாளுவது, சுடும் முறை, பராமரிப்பு, பூட்டிவைப்பது, எடுத்துச்செல்வது எல்லாம் அந்தப் பாடத்தில் அடக்கம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி மூடித்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பழக்கம் விட்டுப்போவதுதான் நிஜ ஆபத்து. வீட்டு மொட்டைமாடியில் பழக முடியாது. திருவான்மியூரில் இருப்பவர் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள ரைபிள் கிளப் போன்ற சுடுதளத்துக்குத்தான் போக வேண்டும். உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் தோட்டாவும் வாங்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிகளில் பங்கேற்கும் ரைபிள் சங்க வீரர்களுக்கும் வங்கிக் காவலர்களுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு அந்த வாரங்களில் பயிற்சி நின்றுபோகும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் தேர்வின் தூரத்தையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 25 மீட்டர், நிதானமான சுற்று என்றால் விதிக்குள் வரும் நீண்ட குழல் .32. கிட்டத்தில், வேகச் சுற்று என்றால் 700 கிராம் அளவிலான, பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் ரிவால்வர் போதுமானது. தோட்டாவை மாற்றும்போது கை தடுமாறாது. சிலிண்டர் காலியா என்பதை மாணவருக்குத் திறந்து காட்டவும் வசதி. 500 கிராம் ரகத்தைத் தேர்வுக்கு எடுத்துப்போவது வீண் சோதனை.

தேர்வில் தேறிய பிறகு இரண்டாவது வேலை இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் 2 துப்பாக்கிகளில் இன்னொன்று, மாணவர்கள் உண்மையில் வாங்கும் சின்ன ரகமாக இருப்பது நல்லது. ஹேமரைத் தொடாமல், கனமான விசையிலேயே 50 குண்டுகளை மையத்தில் இறக்கும் வரை பயிற்றுநர் அதில் பழக வேண்டும். பயிற்சிக்குச் சேர நினைப்பவர்களும் பயிற்றுநரின் மெடல்களைப் பார்த்துவிட்டு, கூடவே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: 'நான் வாங்கப்போற துப்பாக்கியில நீங்க கடைசியா எப்போ சுட்டீங்க?'