"வணிகப் பங்காளி" முறை குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

செம்பூர்த் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவை, அதன் அலுவலர்கள் இலாகா தலைவர்களுக்கு ஆலோசகர்களாக இயங்கும் "வணிகப் பங்காளி" முறைக்கு மாற்றுவதாக நிர்வாகம் விடுத்த சுற்றறிக்கையும், அதையொட்டி நடந்த பேச்சுவார்த்தைகளும் அங்கத்தினர் அறிந்தவையாதலால் இங்கே விவரிக்கவில்லை. மாறுதல் என்பதையே சங்கம் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம்; ஆள் தேர்வையும் பயிற்சியையும் ஸ்தாபனத்தின் நீண்டகால நோக்கங்களோடு இணைப்பதில், தக்க பாதுகாப்புகளுக்கு உட்பட்டு, ஆட்சேபமில்லை என்பதே செயற்குழுவில் பெரும்பான்மையோரின் அபிப்பிராயம். எழுத்தர்களின் இடமாற்றமும் சீனியாரிட்டியும் தனியே பேசப்படும்.

ஆனால் தொழிலாளர் நல அதிகாரியின் அறையைப் பூட்டிவிட்டு, குறையுள்ளவர் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளட்டும் என்பதை எவ்விதம் சகிப்பது? அந்த நாற்காலி எவருடைய தாட்சண்யத்தாலும் வந்ததன்று. இந்த மும்பை நகரத்துப் பஞ்சாலைகளில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஜாபர் எனப்பட்ட மேஸ்திரிகளின் கையில் இருந்து, வேலை வேண்டியவன் அவர்களுக்குக் கப்பம் கட்ட நேர்ந்த அக்கிரமத்தைக் கண்ட பிறகே, 1931-இல், தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கச் சொல்லிற்று. சுதந்திரத்துக்கு மறு ஆண்டு பிறந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் நல அதிகாரியைக் கட்டாயமாக்கிற்று. 2020-இன் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்பதவியை ஒழிக்காமல் வரம்பை 250 ஆக இறக்கியிருக்கிறது. நமக்கு அண்டையிலுள்ள தேவனாரின் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் தலைமுறை தலைமுறையாக இத்துறைக்கு ஆட்களைப் பயிற்றி அனுப்பியதும், அவர்கள் இலாகா தலைவர்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வதற்காக மட்டுமா?

தகப்பனார் பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கம் ஆதாரில் ஒருவிதமாகவும் பி.எஃப். ஏட்டில் வேறுவிதமாகவும் பதிவாகி, மகள் கல்யாணத்துக்கான பணம் முடங்கிக் கிடக்க, தாராவியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, திருநெல்வேலித் தமிழன்றி வேறு பாஷை சரளமாக வராதவர், அந்த அறைக்குள் வந்து எதிரே உட்கார்ந்து கசங்கிய காகிதத்தை நீட்டுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! இனி அவர் இங்கிலீஷுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்று உத்தரவிடும் குரலிடம் எதைச் சொல்லுவார்? இதைச் சீர்திருத்தம் என்று அழைப்பது வெட்கக்கேடு. (இவ்வாக்கியம் கடுமையானது என்று இரு அங்கத்தினர் கருதினர், நீக்கச் சம்மதம் கிட்டவில்லை.)

இம்முறைக்கு மூலபுருஷரென்று நிர்வாகத்தின் ஆலோசகர்கள் காட்டும் டேவ் உல்ரிச், தமது 1997-ஆம் வருஷத்து நூலில் மனிதவளத் துறைக்கு நான்கு கடமைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று தொழிலாளருக்காகப் பரிந்து நிற்பது. ஆலோசகர்கள் திரையில் ஓட்டிய படங்களில், அந்நான்கில் மற்றொன்றான வியூகப் பங்காளி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தார். பரிந்து நிற்பவரைத் தேடியும் காணவில்லை. தமிழில் பங்காளி என்றாலே பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் நினைவுக்கு வருவதை மொழிபெயர்த்தவர் யோசிக்கவில்லை போலும்.

ஆகவே, நல அதிகாரி இலாகா தலைவர்களுக்கு உட்படாமல் தனித்து இயங்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரங்களில் அவரது அறை திறந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். இவை எழுத்து மூலம் ஏற்கப்படும் வரையில் புதிய முறையை அமலாக்குவதை ஒத்திவைக்கக் கோருகிறோம். "பகிஷ்காரம்" என்ற சொல்லைச் சேர்க்குமாறு தாராவிக் கிளையினர் வற்புறுத்தினர். "ஒத்துழைப்பு குறித்து உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்ற வாசகம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது.