உதவித்தொகை அல்ல, ஊதியம்

இளம் வழக்கறிஞர்களுக்கு மூத்த வழக்கறிஞர்களும் சட்ட நிறுவனங்களும் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் வழங்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சுற்றறிக்கை விடுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் ஜூலையில் உத்தரவிட்ட பிறகே இதுவும் வந்தது. அதுவும் கட்டாயமல்ல, பரிந்துரைதான்!

அதே அக்டோபரில் தில்லியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் என்ன? திறன்பெற்ற தொழிலாளிக்கு 21,917 ரூபாய். பட்டம் பெற்ற எழுத்தருக்கு 23,836 ரூபாய். ஐந்தாண்டு சட்டம் பயின்று, நள்ளிரவு வரை மனுக்களை வரைந்து, விடிந்ததும் வாய்தா வாங்க நீதிமன்றந்தோறும் ஓடுபவரின் உழைப்பு, பரிந்துரையிலேயே அதற்கும் கீழ்.

‘தொழில் கற்றுத் தருகிறோமே’ என்பர். கற்பவர் வரைந்த மனுவுக்குக் கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கவில்லையா?

தந்தையின் அலுவலகம் வாய்த்தோர் தாக்குப்பிடிப்பர். வாடகை அறையில் ஒண்டியிருக்கும் விவசாயத் தொழிலாளியின் மகள் ஊர் திரும்புவாள். நாளை நீதிபதி இருக்கையில் அமரப்போவது எந்த வர்க்கம் என்பது அங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

‘ஸ்டைபண்ட்’ என்பதை ‘உதவித்தொகை’ என மொழிபெயர்க்க எனக்குக் கை கூசுகிறது. யார் யாருக்கு உதவுகிறார்கள்? வழக்கறிஞர் அரங்கத் தோழர்கள் ‘ஊதியம்’ என்றே கேட்கவேண்டும். அதை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்திலேயே எழுதச் செய்யவேண்டும்.