ஆங்கிலம் பயில்வோம்: வந்தாரா, வந்திருக்கிறாரா?

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்தில் ஐந்தாண்டுகளாகப் பணியாற்றி வருபவர், “ஐ வொர்க்ட் இன் திஸ் ஆஃபீஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதினால், அவ்வேலையை விட்டு விலகிவிட்டார் என்றே படிப்பவர் கொள்வர். “ஐ ஹாவ் வொர்க்ட்” என்றால், இன்றும் அங்கேயே இருக்கிறார் என்று விளங்கும். ஒரு சிறு சொல் பிழைப்பின் நிலையையே மாற்றிக் காட்டிவிடுகிறது.

இதுவே ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ எனும் காலம். அமைப்பு எளிது. ஐ, வீ, யூ, தே ஆகியவற்றோடு ‘ஹாவ்’. ஹீ, ஷீ, இட் ஆகியவற்றோடு ‘ஹாஸ்’. அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும்: ‘ஸீ, ஸா, ஸீன்’ என்பதில் ‘ஸீன்’. கேள்வியில் ‘ஹாவ்’ முன்னே வரும். மறுப்பில் அதனை அடுத்து ‘நாட்’ வரும்.

நம் தமிழிலும் இதற்கு உறவு உண்டு. ‘வந்து’ என்பதோடு ‘இரு’ சேர்ந்து ‘வந்திருக்கிறார்’ ஆகிறது. வந்தது முடிந்த செயல். வந்தவர் இப்போது இங்கே இருக்கிறார். “ஹீ ஹாஸ் கம்” என்பதும் அதுவே. ஆயினும் தாய்மொழிப் பழக்கம் நம்மைத் தவறச் செய்யும் இடங்கள் மூன்று.

முதலாவது, ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று நாம் சொல்லலாம்; ஆங்கிலத்தில் அது பொருந்தாது. முடிந்துபோன நாளையோ ஆண்டையோ குறித்தால் இறந்தகாலமே வேண்டும். “மாடம்பாக்கம் ஹாஸ் பிகம் பார்ட் ஆஃப் தாம்பரம் கார்ப்பரேஷன்” என்பது சரி. ஆண்டைச் சேர்த்தால், “பிகேம் பார்ட் ஆஃப் தாம்பரம் கார்ப்பரேஷன் இன் 2021” என்றே எழுதுக.

இரண்டாவது, ‘பத்தாண்டுகளாக மாடம்பாக்கத்தில் வசிக்கிறோம்’ என்பதை “வீ ஆர் லிவிங்” எனத் தொடங்குவது பிழை. “வீ ஹாவ் லிவ்ட் இன் மாடம்பாக்கம் ஃபார் டென் இயர்ஸ்” என்க. கால அளவுக்கு ‘ஃபார்’. தொடங்கிய ஆண்டுக்கு ‘ஸின்ஸ்’.

மூன்றாவது, ‘மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்பது தமிழில் இருபொருள் தரும். இன்னும் திரும்பவில்லையெனில் “ஹாஸ் கான் டு மதுரை”; முன்பு போய் வந்தவரெனில் “ஹாஸ் பீன் டு மதுரை”.

இம்மாதப் பயிற்சியாகப் பின்வருவனவற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம்:

1. அப்பா தாம்பரம் போயிருக்கிறார்; இன்னும் வரவில்லை.
2. தம்பி நேற்று ஊருக்குப் போனான்.
3. இவ்வீட்டில் மூன்றாண்டுகளாக இருக்கிறோம்.