கொழும்பு பூல் டே அவுட்: புரியாணி மெனுவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் நடுவில் இருக்கும் ஆறு கேள்விகளை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள். குடும்பத்தோடு விடுமுறைக்குக் கொழும்பு போக இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

எங்கட பாடசாலை நலன்புரிச் சங்கத்தின் வருடாந்தச் சுற்றுலா இம்முறை கொழும்புக்கு. இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கி, ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு நீச்சல் தடாகத்தில் கழித்து, மறுநாள் புறக்கோட்டையில் சாமான் வாங்கித் திரும்புவது என்று திட்டம். வாட்ஸ்அப் குழுமத்தில் மூன்று இடங்களின் போஸ்டர்கள் வந்தன. ஒன்று, நகர நடுவில் உள்ள ஹோட்டலின் மொட்டைமாடி பூல். இரண்டாவது, நீர்கொழும்புப் பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கும் பூல் உள்ள பங்களா. மூன்றாவது, கொழும்புக்கு வெளியே உள்ள தண்ணீர்ப் பூங்கா.

இரண்டு நாட்களாக வொய்ஸ் மெசேஜ் மழை. பஃபேயில் எத்தனை இறைச்சி? சவன் சாப்பாடு தருவார்களா? டீஜே இருக்கிறதா? பின்னால் கடல் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கலாமா? வட்டிலப்பம் உண்டா? எல்லாவற்றையும் கேட்டார்கள். "புள்ளை தண்ணீரில் மூழ்கினால் யார் தூக்குவது?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். ஒரு சேர் சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். இன்னொருவர், "டீச்சர், போகும்போதே நல்லதைக் கதையுங்கோ" என்றார்.

நல்லதைத்தான் கதைக்கிறேன்.

போன வருடம் நானும் குடும்பமுமாகப் போன ஒரு பயணத்தில் நடந்தது இது. இடத்தின் பெயர் வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஒரு பங்களா. உயர்ந்த மதில், வெளியார் கண் படாத தடாகம், பெண்களுக்கு நிம்மதி. பெரியவர்கள் மட்டும் இருபதுக்கு மேல் இருந்தோம். லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரம். ஏழு வயதுப் புள்ளை ஒன்று காற்று வளையத்தோடு ஆழம் குறைந்த பக்கம் நின்றது. வளையம் நழுவியது. தரை எங்கே சரிகிறது என்று காட்ட அந்தத் தடாகத்தில் ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. புள்ளை கத்தவில்லை. கையை உயர்த்தி யாரையும் கூப்பிடவுமில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வந்தது. விளையாடுகிறது என்றே நாங்கள் நினைத்தோம்.

தண்ணீரில் மூழ்குவது சினிமாவில் காட்டுவது போலச் சத்தம் போட்டு நடப்பதில்லை. மூச்சு எடுக்கவே வழியில்லாத புள்ளை எப்படிக் கத்தும்? ஒரு நிமிடம் கூடப் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

தோட்டம் கூட்டிக்கொண்டிருந்த சிங்களத் தம்பி ஒருவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உடுப்போடு பாய்ந்தார். புள்ளை பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ். அந்த இடத்தில் பட்டதாரிகள் இருந்தோம், கல்வியியற் கல்லூரியில் பயின்றவர்கள் இருந்தோம், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர் ஒருவர் கூட எங்களில் இல்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் நாங்கள்!

அன்று இரவு பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இப்போது இடங்களுக்கு வருகிறேன். மூன்றிலும் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

நகர ஹோட்டலில் தண்ணீர் சுத்தமாக இருக்கும், ஆழம் எழுதியிருக்கும். ஆனால் பூல் ஓரத்திலேயே மதுபானம் பரிமாறுவார்கள். சுற்றியுள்ள மாடிகளிலிருந்து பார்வை விழும். ஆளாளுக்குக் கையில் போன் இருக்கும். பங்களாவில் மறைவு உண்டு, சொந்தச் சமையல் உண்டு, ஆனால் உயிர்காப்பாளர் அநேகமாக இருக்க மாட்டார். தண்ணீர்ப் பூங்காவில் உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள், கட்டணமும் கைக்கு அடக்கம், ஆனால் விடுமுறைக் காலத்தில் சனம் நெரியும், புள்ளைகளைக் கண்ணில் வைத்திருப்பது கஷ்டம்.

எதைத் தெரிவு செய்தாலும், முற்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஆறையும் கேளுங்கள்.

1. உயிர்காப்பாளர் நிற்கிறாரா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? ஜூஸ் தட்டு தூக்குகிறவரே உயிர்காப்பாளர் என்றால் அது கணக்கில் சேராது. அவருடைய கண் தண்ணீரில் இருக்க வேண்டும்.

2. ஆழம் எவ்வளவு? எழுதியிருக்கிறதா? தரை படிப்படியாகச் சரிகிறதா, திடீரென்று இறங்குகிறதா? சிறுவர் தடாகம் தனியாக இருக்கிறதா?

3. தண்ணீரின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா? அடியில் இருக்கும் வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் ஆள் கிடந்தாலும் தெரியாது. வடிகால் மூடி உடைந்திருந்தால் நீண்ட தலைமுடியையும் தொங்கும் துணியையும் இழுத்துப் பிடிக்கும். "குளோரின் மணம் தூக்குது, நல்ல சுத்தம்" என்று சொல்கிறோமே, அதுவும் தவறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால்தான் அந்தக் கடும் மணம் வரும். இறங்குவதற்கு முன் குளிக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

4. எங்கள் உடை அனுமதிக்கப்படுமா? முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடைக்குச் சில இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் இல்லை. போனில் "ஓகே" என்று சொல்லி வாசலில் தடுத்த கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்? எழுத்தில் வாங்குங்கள், ஒரு மெசேஜாவது போதும்.

5. மதுபானம் எங்கே பரிமாறப்படும்? போயா தினத்தில் நாடு முழுக்க மதுபான விற்பனைக்குத் தடை. அது அரச விடுமுறையும் கூட. நாளைத் தெரிவு செய்யும்போது அதை யோசிக்கலாம். ஆனால் அது பௌத்த சகோதரர்களின் புனித நாள். அன்றைக்குப் போய் ஸ்பீக்கர் அலற ஆட்டம் போடுவது நமக்கு அழகில்லை.

6. சொல்கிற விலை முடிவான விலையா? பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் பத்து வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் மேலே ஏறும். 5,000 ரூபாய் என்று நினைத்துப் போனவர் 6,500க்குக் கிட்டக் கட்டுவார். ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த வித்தியாசமே ஒரு நாள் வான் வாடகைக்குக் கிட்டவாகும்.

இவ்வளவுதான். ஒரு போன் அழைப்பில் பத்து நிமிட வேலை.

இனி இரண்டு பக்கத்தாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, "பொம்புளைகளுக்கு எதுக்கு பூல்?" என்று எழுதிய சகோதரருக்கு. அதே நீங்கள் போன மாதம் நண்பர்களோடு தடாகத்தில் நின்று போட்ட படத்தை நானும் பார்த்தேன். ஆண் இறங்கினால் உல்லாசம், பெண் இறங்கினால் ஃபித்னா என்றால் அது மார்க்கம் அல்ல, உங்கள் வசதி. மறைவான இடம், பெண்கள் மட்டும், ஒழுங்கான உடை என்ற நிபந்தனைகளை வைத்துக் கேட்கிற பெண்ணைப் பார்த்து வெட்கமில்லையா என்கிறீர்கள். அந்த நிபந்தனைகளை நிறைவேற்றித் தர நீங்கள் என்ன செய்தீர்கள்?

நீச்சலைக் கற்றுக்கொள்வது வீண் விளையாட்டில் சேராது என்று நபிமொழித் தொகுப்பில் வந்திருப்பதை வெள்ளி மேடையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அது ஆண் புள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீரில் மூழ்கி மரணித்தவர் ஷஹீத் என்பதை ஜனாஸா வீட்டில் சொல்லி ஆறுதல் தருகிறோம். அது உண்மை. ஆனால் அந்த ஆறுதலை நம்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய உயிரைக் கை விடுவதற்கு நமக்கு அனுமதி இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

எங்கட கரைக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒரு போயா தினம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். நான் அப்போது பாடசாலை மாணவி. உடுத்த உடுப்பு காலில் சுற்றி ஓட முடியாமல் நின்ற ராத்தாமார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அந்த அலைக்கு முன்னால் நீச்சல் தெரிந்தவருக்கும் வழி இருந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தண்ணீரும் சுனாமி இல்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைக்குப் போன புள்ளைகள் மிதவையோடு கவிழ்ந்தார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வீட்டுக்குத் திரும்பிய மத்ரஸா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோனது. அங்கே தப்பியிருக்க முடியுமா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த மிதவையும் அந்த வீதியும் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும், அது அதிகாரிகளின் பொறுப்பு. ஆனால் தண்ணீரில் ஒரு நிமிடம் மிதக்கத் தெரிந்திருப்பது நம்முடைய பொறுப்பு. இவ்வளவு ஜனாஸாக்களுக்குப் பிறகும் தண்ணீரைப் பற்றி நமக்குப் பேச இருப்பது பெண்ணின் உடை மட்டும்தானா?

இரண்டாவது, "டீச்சர், கொழும்புக்குப் போயும் மதில் தேடுறீங்க, ரிலாக்ஸா இருங்க" என்று எழுதிய தங்கைக்கு. நீங்கள் அன்போடுதான் சொன்னீர்கள். ஆனால் நான் காசு கட்டுகிற வாடிக்கையாளர். சைவச் சாப்பாடு கேட்கிறவரை யாரும் பின்தங்கியவர் என்பதில்லை. மறைவு கேட்டால் மட்டும் ஏன் சிரிப்பு?

உடை விஷயத்தில் இரண்டு பக்கமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பருத்திச் சல்வாரோடும் அபாயாவோடும் தண்ணீரில் இறங்காதீர்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், காலைச் சுற்றும். தடாகக்காரர் அதைத் தடுத்தால் அது இனவாதம் இல்லை, அவர் சொல்வது சரி. ஆனால் நீச்சலுக்கென்றே தைத்த, உடலை மறைக்கும் உடையைத் தடுத்தால் காரணம் கேளுங்கள். புர்கினி என்ற பெயரில் அதை 2004இல் அவுஸ்திரேலியாவில் வடிவமைத்தவரும் ஒரு முஸ்லிம் பெண்தான், அஹீதா சனெட்டி. மற்ற நீச்சலுடைகளைப் போன்ற துணிதான் அதுவும். சுத்தம் என்ற காரணம் அதற்குப் பொருந்தாது. காரணம் சொல்ல முடியாத இடத்துக்கு எங்கட காசு எதற்கு?

சரி, குறை சொல்லிவிட்டு ஓடக்கூடாது. நான் கேட்பது மூன்று.

ஒன்று, இந்த வருடச் சுற்றுலாவுக்கு உயிர்காப்பாளர் இருக்கிற இடத்தையே எடுப்போம். வட்டிலப்பம் இல்லாவிட்டால் நான் வீட்டிலிருந்து செய்து கொண்டுவருகிறேன். பங்களாதான் வேண்டும் என்றால் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவரை, முடிந்தால் பெண் ஒருவரை, அந்த நாளுக்குக் கூலிக்கு அமர்த்துவோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடியும். அதோடு பெரியவர்கள் இருவர் மாறி மாறி, போனைப் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு புள்ளையும் தண்ணீரில் நிற்கக்கூடாது.

இரண்டு, போகும் முன் ஒரு மாலை பாடசாலையில் முதலுதவி வகுப்பு ஒன்று வைப்போம். நீந்தத் தெரியாதவர் பாயக்கூடாது. தடியோ துணியோ நீட்ட வேண்டும், மிதக்கிற எதையாவது எறிய வேண்டும். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் உடனே தொடங்க வேண்டும், 1990 அம்பியுலன்ஸுக்கு அழைக்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைக் கொல்லும்.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் எங்கட பிரதேச அரசியல்வாதிகளுக்கும். வருடத்தில் ஒரு நாள் கொழும்பில் தண்ணீரைத் தொட்டுவிட்டு வருவதால் யாரும் நீந்தப் பழகுவதில்லை. கிட்டிய தடாகம் ஒன்றில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பெண்களுக்கும் பெண் புள்ளைகளுக்கும் ஒதுக்கி, பெண் பயிற்றுநர் ஒருவரை வைத்துத் தாருங்கள். இன்னொரு வளைவுக் கோபுரம் கட்டுவதற்கு ஆகும் செலவில் இது பல வருடம் நடக்கும்.

இதை வாசித்துவிட்டு "டீச்சர் பூலுக்குப் போக ஆசைப்படுகிறார்" என்று சொல்ல இருப்பவர்களுக்கு: ஆம், ஆசைப்படுகிறேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு நீந்தக் கற்றுக்கொள்ளவும் ஆசைப்படுகிறேன். அடுத்த முறை ஒரு புள்ளை தண்ணீரில் தத்தளிக்கும்போது, தோட்டம் கூட்டுகிற தம்பி பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

குழுமத்தில் நாளை இரவு இஷாவுக்குப் பிறகு வாக்கெடுப்பு. மூன்று இடங்களுக்கும் நானே போன் எடுத்து ஆறு கேள்விகளையும் கேட்டுவிட்டேன். பதில்களை அங்கே போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு வாக்குப் போடுங்கள்.

அல்லாஹ் எங்கட புள்ளைகளைப் பாதுகாப்பானாக.