கறுப்புப் பையும் வாழைப்பட்டையும்

பேரன் பிறந்த வருஷம் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஒரு புங்கன் கன்று நட்டேன். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் இலை கொட்டியது. மழை வந்தும் துளிர்க்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. உள்ளே வேர், முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. பையைக் கிழிக்காமல் நட்ட புத்திசாலி வேறு யாருமில்லை, நானேதான். அன்றைக்குப் போட்டோ எடுக்கும் அவசரம்.

அதற்குப் பிறகு எங்கே மரம் நடுவிழா நடந்தாலும் என் கண் முதலில் அந்தப் பையைத்தான் தேடும். சிலர் கிழித்துவிட்டு அங்கேயே போட்டுவிடுவார்கள். சிலர் என்னைப் போல.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனால் 2018 ஜூனில் வந்த அந்த அரசாணையிலேயே, அரசுத் துறைகளின் ஆர்டருக்காக நாற்றங்கால்களில் பயன்படும் பைகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. லட்சக்கணக்கில் கன்று வளர்த்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, லாரியில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு உறுதியான பை வேண்டும். மொட்டை மாடியில் இருபது முப்பது கன்று வளர்க்கிற நமக்கு என்ன சாக்கு? அதுவும் திருச்சிக்காரர்களுக்கு?

முக்கொம்புக்குப் போகும் வழியைப் பாருங்கள். முத்தரசநல்லூர், ஜீயபுரம் பக்கமெல்லாம் வாழை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் போட்டுவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு விவசாயியிடம் தயங்கித் தயங்கிப் பட்டை கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார், எனக்கு இடம் காலியாகும்" என்றார். ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து என் மனைவி, "ரிட்டயர் ஆனதும் தொன்னை வியாபாரமா?" என்றாள்.

கிட்டத்தட்ட தொன்னைதான். பட்டையை ஒரு நாள் நிழலில் வாட்ட வேண்டும். பச்சையாக மடித்தால் முறியும், அதிகம் காய்ந்தால் விரியும். ஒரு சாண் அகலத் துண்டுகள் இரண்டைக் கூட்டல் குறி போல் வைத்து, நான்கு கைகளையும் மேலே தூக்கி, வாழைநாரால் இரண்டு சுற்றுக் கட்டினால் தொட்டி தயார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு.

இதற்கு முன் செய்தித்தாளில் செய்து பார்த்தேன். கீரை, கத்தரி நாற்றுக்குச் சரி, மரக்கன்றுக்குத் தாங்காது. தேங்காய்ச் சிரட்டை சீக்கிரம் மக்காது. உடைத்துத்தான் நட வேண்டும், அதில் வேரும் சேர்ந்து உடையும்.

வாழைப்பட்டையிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அடி இற்றுப்போகிறது. அப்போது கன்றை வெளியே எடுக்காமல், பழைய பட்டைக்கு மேலேயே புதுப் பட்டையைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். வேர் பழைய பட்டையைத் துளைத்துக்கொண்டு நேராக வெளியே வருகிறது, சுற்றுவதில்லை. நடும்போது அப்படியே குழியில் வைத்துவிடலாம். விளிம்பு மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. இருந்தால் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

விதையை வாங்கி டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள். வேம்பும் நாவலும் பழம் உதிர்ந்த சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆனி, ஆடியில் பழம் தின்ற கையோடு ஊன்றினால் ஐப்பசி மழைக்குக் கன்று தயார். திருவானைக்காவலின் தல விருட்சம் வெண்நாவல். அது நமக்குக் கிடைக்காது, தெருவில் கூறு போட்டு விற்கிற சாதா நாவல் போதும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். (முதல் தடவை மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டேன். எல்லாமே நோஞ்சானாகிவிட்டன.)

இந்த வருஷம் இருபத்திரண்டு தொட்டி வைத்தேன், பதினேழு நாவல் பிழைத்திருக்கிறது. ஒன்று பூங்காவில் அந்தப் புங்கன் இருந்த குழிக்கு. மீதி பதினாறுக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும்.